படர்தாமரைக்குப் புது மருந்து ஏன் சீக்கிரம் வருவதில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் பார்மசி கவுண்டரில் வேலை பார்க்கும் எனக்கு மழை பிடித்துக்கொண்ட மாதங்கள் என்றால் படர்தாமரை மாதங்கள். செம்பனைத் தோட்டத்தில் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸோடு நிற்பவர்கள், ஈரச் சட்டையோடு மோட்டாரில் வீடு திரும்புகிறவர்கள், ஒரே அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருக்கும் பேக்டரிப் பையன்கள் என்று வரிசையாக வருவார்கள். தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள் என்று வட்டம் வட்டமாக அரிப்பு இருக்கும்.

"தம்பி, போன மாசம் குடுத்த க்ரீம் உடம்புக்குப் பழகிப்போச்சு. வேற ஸ்ட்ராங்கா ஏதாச்சும் குடுப்பா" என்பார் ஓர் அக்கா. பக்கத்தில் நிற்கும் அண்ணன், "ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுங்கக்கா, ரெண்டு நாள்ல போயிடும்" என்று காசு வாங்காமல் வைத்தியம் சொல்வார். இன்னொருவர் போனைத் திறந்து, எந்த மருந்துக்கும் அடங்காத பூஞ்சை உலகம் முழுக்கப் பரவுகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி, "இதுக்கு இன்னும் மருந்தே கண்டுபிடிக்கலையாமே" என்பார்.

மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையப் பிசகும் இருக்கிறது. அந்தப் பிசகுகளை எடுத்துவிட்டால், புதிய பூஞ்சை மருந்து உருவாக்குவது ஏன் இத்தனை கடினம் என்பது தானாகப் புரிந்துவிடும்.

பூஞ்சை நமக்குத் தூரத்துப் பங்காளி

கிருமி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பாக்டீரியா வேறு, வைரஸ் வேறு, பூஞ்சை வேறு. காளான் பூஞ்சைதான். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டும் பூஞ்சைதான். சந்தையில் வாங்கும் தெம்பேயில் சோயாப் பயறுகளைச் சுற்றி வெள்ளையாகப் பின்னியிருப்பது பூஞ்சையின் இழை. படர்தாமரை, தேமல், கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் மூன்றும் தோலில் பிழைக்கும் பூஞ்சைகளின் வேலை.

உயிர்களின் குடும்ப மரத்தில் பூஞ்சை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அது செடிகளைவிட விலங்குகளுக்கு நெருக்கம். பாக்டீரியாவோடு ஒப்பிட்டால் நமக்கு ரொம்பவே நெருக்கம். எல்லா உயிரும் செல் என்ற நுண்ணிய அறைகளால் ஆனது. பாக்டீரியாவின் செல்லுக்குள் உட்கரு கிடையாது. நம் செல்லில் உண்டு, பூஞ்சையின் செல்லிலும் உண்டு. மூச்சுக்காற்றைக் கொண்டு உணவைச் சக்தியாக மாற்றும் உறுப்பு, புரதம் செய்யும் முறை என்று உள்ளே பலதும் இரண்டுக்கும் ஒரே சாயலில்தான் இருக்கின்றன.

இதில் என்ன சங்கடம் என்று தோட்டத்தில் மருந்தடித்தவர்களிடம் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள். மறுநடவு செய்த நிலத்தில் செம்பனைக் கன்றைச் சுற்றிப் புல் முளைத்தால் கவலையில்லை. புல்லை மட்டும் சாகடித்துக் கன்றை விட்டுவைக்கும் மருந்து உண்டு. ஆனால் பழைய மரத்தின் உதிரிப் பழம் மண்ணில் கிடந்து தானாக முளைத்து, நட்ட கன்றுக்குப் பக்கத்திலேயே நின்றால்? அதுவும் செம்பனை, இதுவும் செம்பனை. அதைக் கொல்லும் எந்த மருந்தும் கன்றையும் கொல்லும். குனிந்து கையால்தான் பிடுங்க வேண்டும்.

பாக்டீரியா அந்தப் புல். நம்மிடம் இல்லாத உறுப்புகள் அதனிடம் நிறைய இருப்பதால், அவற்றைக் குறிவைக்கும் ஆன்டிபயாட்டிக்குகளும் நிறைய. பூஞ்சையோ தானாக முளைத்த கன்றின் பக்கம் சாய்கிறது. அதைக் கொல்லும் பொருள்கள் ஆய்வகத்தில் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை நம்மையும் சேர்த்துக் கொல்லும்.

அந்த அண்ணன் சொன்ன ஆன்டிபயாட்டிக் படர்தாமரையை ஏன் தொடாது என்பதும் இதனால்தான். அது தேடிப் போகும் உறுப்பு பூஞ்சையிடம் கிடையாது. போதாக்குறைக்கு, குடலிலும் பிறப்புறுப்பிலும் கேண்டிடா என்ற ஈஸ்ட்டை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, இல்லாத இடத்தில் புதிதாக அரிப்பைக் கிளப்பிவிடும்.

அடிக்க இடம் எங்கே?

அப்படியென்றால் இப்போது இருக்கும் பூஞ்சை மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன? பங்காளி என்றாலும் சில வேற்றுமைகள் உண்டல்லவா, அவற்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். முக்கியமானவை இரண்டு.

முதலாவது, செல்லின் மேல் சவ்வு. நம் செல்லின் சவ்வு அதிகம் இளகாமலும் விறைக்காமலும் இருக்கக் கொலஸ்ட்ரால் வேண்டும். (கொலஸ்ட்ரால் என்றாலே விஷம் என்று நினைப்பவர்கள் கவனிக்க, அது இல்லாமல் செல்லே இல்லை.) அதே வேலைக்குப் பூஞ்சை வைத்திருப்பது எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு. இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் முழுக்க ஒன்றில்லை.

எர்கோஸ்டெராலைப் பூஞ்சை படிப்படியாகச் செய்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி, அதாவது செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட வேதிவேலையைச் செய்யும் புரதம், உண்டு. படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபின், தொடக்கப் படி ஒன்றின் நொதியை முடக்குகிறது. எர்கோஸ்டெரால் வராமல் போவது ஒரு பக்கம். பாதியில் நின்ற மூலப்பொருள் செல்லுக்குள் குவிந்து விஷமாவது இன்னொரு பக்கம். க்ளோட்ரிமசோல், ஃபுளூகோனசோல், இட்ராகோனசோல் என்று 'அசோல்' சேர்ந்து வரும் மருந்துகள் எல்லாம் ஒரே குடும்பம்; அவை பிந்தைய ஒரு படியை நிறுத்துகின்றன.

ஆம்ஃபோடெரிசின் பி வேறு வழியில் போகிறது. 1950களிலிருந்து இருக்கும் இந்த மருந்து எர்கோஸ்டெராலைச் சவ்விலிருந்து நேரடியாக உருவிவிடுகிறது. பலமான மருந்து. ஆனால் கொலஸ்ட்ராலையும் கொஞ்சம் உருவும். அடி சிறுநீரகத்தில் விழும். இதை டிரிப்பில் ஏற்றும்போது இரத்தப் பரிசோதனையை மருத்துவர் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்காகத்தான். கொழுப்பு உருண்டைக்குள் வைத்துக் கொடுக்கும் வடிவம் பிறகு வந்தது. தீங்கு குறைந்தது, விலை ஏறியது.

இரண்டாவது, செல்லின் சுவர். நம் செல்லுக்குச் சவ்வோடு சரி. பூஞ்சைக்கு அதற்கு வெளியே கெட்டியான சுவர் உண்டு. அதில் இறால் ஓட்டில் இருக்கும் கைட்டினும், குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் இருக்கின்றன. எக்கினோகேண்டின் குடும்ப மருந்துகள் அந்தக் குளுக்கானைச் செய்ய விடாமல் தடுக்கும். நம்மிடம் சுவரே இல்லாததால் நமக்கு அதிகம் தொல்லையில்லை. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான காஸ்போஃபங்கின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2001இல். ஊசி வழியாகத்தான் ஏற்ற முடியும். மாத்திரையாக விழுங்கினால் குடல் உறிஞ்சாது.

உடலுக்குள் புகுந்த பூஞ்சைக்கு நெடுங்காலமாகக் கையில் இருந்தவை அசோல், ஆம்ஃபோடெரிசின், எக்கினோகேண்டின், கூடவே துணைக்கு ஃபுளூசைட்டோசின் என்ற பழைய மருந்து. அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பூஞ்சை நமக்கு நெருங்கிய உறவு என்பதால் அதை மட்டும் அடிக்கக்கூடிய இடங்கள் கொஞ்சம். இருக்கும் மருந்துகள் பெரும்பாலும் எர்கோஸ்டெரால், சுவர் என்ற இரண்டு இடங்களையே சுற்றி வருகின்றன.

பழகுவது உடம்பா, பூஞ்சையா?

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு என்பது எல்லார் வாயிலும் வருகிற பேச்சு. மருத்துவமனை வாசலில்கூடக் கேட்டிருக்கிறேன். பூஞ்சை மருந்து விஷயத்தில் அது தவறு. மாறுவது பூஞ்சை.

தோலில் ஒரு வெள்ளிக்காசு அளவு வட்டம் இருந்தாலே அதில் எண்ணிலடங்காத பூஞ்சைச் செல்கள் இருக்கும். அவை பெருகும்போது மரபணுவை, அதாவது புரதங்களைச் செய்வதற்கான எழுத்துக் குறிப்பை, நகல் எடுக்கின்றன. நகலில் எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். டெர்பினாஃபின் போய் உட்காரும் நொதியின் குறிப்பிலேயே அந்தப் பிசகு விழுந்தால் நொதியின் உருவம் இம்மி மாறும். மருந்து அங்கே சரியாகப் பொருந்தாது. நொதி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். களிம்பு பூசப் பூச மற்றச் செல்கள் சாகின்றன. பிசகிய செல்லுக்கு இடமும் தீனியும் மிச்சம். அரிப்பு நின்றதும் பத்தாம் நாளே டியூபைத் தூக்கி எறிந்தால், மறுபடி முளைப்பதில் அந்தச் செல்லின் வாரிசுகள் கூடுதலாக இருக்கும். மருந்துக்கு அடங்காத இந்த நிலைக்குத்தான் மருந்தெதிர்ப்பு என்று பெயர்.

உடம்புக்கு இதில் பங்கில்லை என்பதற்கு ஓர் எளிய சாட்சி போதும். அப்பாவின் துண்டிலிருந்து மகனுக்கு அந்தப் பூஞ்சை தொற்றினால், வாழ்நாளில் டெர்பினாஃபினைத் தொட்டே பார்க்காத மகனுக்கும் அந்த மருந்து கேட்காது.

பூஞ்சைக்கு வேறு தந்திரங்களும் தெரியும். உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். மருந்து முடக்கும் நொதியை அளவுக்கு மீறிச் செய்து குவிக்கும். சில பூஞ்சைகளுக்குச் சில மருந்துகள் பிறவியிலேயே கேட்காது. 2021இல் இந்தியாவில் கொரோனா அலையின்போது கருப்புப் பூஞ்சை என்று செய்தி நிறைந்ததே, அந்த மியூகோர் வகைக்கு ஃபுளூகோனசோல் ஆரம்பத்திலிருந்தே பொருட்டில்லை. நீரிழிவும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்புகளில் அது புகுந்தபோது ஆம்ஃபோடெரிசினுக்கு நாடெங்கும் தட்டுப்பாடு வந்ததன் காரணம் இதுதான்.

தோல் பூஞ்சையிலும் கதை முற்றிவிட்டது. இந்தியாவில் சில ஆண்டுகளாகப் பெரிய அளவில் பரவிய ஒரு பிடிவாதமான படர்தாமரைப் பூஞ்சைக்கு, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் டிரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப் பெயர் வைத்தார்கள். அதில் பல வகைகளுக்கு டெர்பினாஃபின் கேட்பதில்லை. 2023இல் நியூயார்க்கிலும் கண்டார்கள். மனிதர் போகும் இடமெல்லாம் அவர் தோலும் போகிறது, அவ்வளவுதான்.

இது பரவியதில் கலவைக் களிம்புகளுக்குப் பங்குண்டு என்பது தோல் மருத்துவர்கள் பலரின் கருத்து. ஒரே டியூபில் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றையும் குழைத்து வைத்திருப்பார்கள். ஸ்டீராய்டு என்பது உடலின் அழற்சியை, அதாவது சிவப்பையும் அரிப்பையும், அடக்கும் மருந்து. பூசிய இரவே அரிப்பு நின்றுவிடும். மருந்து வேலை செய்துவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் பூசுவார்கள். பூஞ்சையோடு சண்டை போட வேண்டிய உடலின் காவலைத்தான் அது தூங்க வைத்தது. பூஞ்சை சத்தமில்லாமல் படரும். வட்டத்தின் ஓரம் மங்கிப் போவதால், பார்க்கும் மருத்துவருக்கே இது படர்தாமரையா என்று சந்தேகம் வந்துவிடும். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 'மூலிகை' என்று விற்கும் பெயரில்லாத டப்பிகள் எனக்குப் பிடிக்காததற்கும் இதுதான் காரணம். பொருள் பட்டியலில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்த பூச்சுப் பொருள்களைப் பற்றி நம் சுகாதார அமைச்சு அடிக்கடி எச்சரிக்கை விடுகிறது. பாட்டிமார் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினார்களே, அதில் பூஞ்சையை ஒடுக்கும் பொருள் உண்மையாகவே இருக்கிறது; டப்பியில் அந்த இலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தோட்டத்து மருந்தும் ஆஸ்பத்திரி மருந்தும்

நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான பகுதி இது. செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கேனோடெர்மாவைத் தெரியாத தோட்டக்காரர் இல்லை. அதுவும் பூஞ்சைதான். அதற்காக மரத்தின் தண்டில் துளை போட்டு ஏற்றும் ஹெக்சகோனசோல், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஃபுளூகோனசோலின் சொந்தக்கார மருந்து. இரண்டும் அசோல் குடும்பம், இரண்டும் அடிப்பது எர்கோஸ்டெராலின் அதே படியை.

பூஞ்சைக்கு வயல் எது, வார்டு எது என்று தெரியாது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ் என்ற பூஞ்சை மக்கும் இலைதழையில் வாழ்வது. அதன் வித்துகளை நாம் எல்லாரும் தினமும் சுவாசிக்கிறோம். நல்ல உடம்பில் ஒன்றும் ஆகாது. இரத்தப் புற்றுக்குச் சிகிச்சை எடுப்பவர், உறுப்பு மாற்றியவர் போன்றோரின் நுரையீரலில் அது உயிரைக் குடிக்கும். 1990களின் கடைசியிலிருந்து நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். அசோல் மருந்தே எடுத்திராத நோயாளியிடமும் அசோலுக்கு அடங்காத ஆஸ்பெர்ஜில்லஸ். அந்த எதிர்ப்பு உடலுக்குள் உருவானதில்லை. அசோல் தெளித்த வயல்களிலும் குப்பைக் குவியல்களிலும் உருவாகி, காற்றில் வந்தது. நெதர்லாந்திலிருந்து அயர்லாந்துக்குப் போன துலிப் கிழங்குகளிலேயே அப்படிப்பட்ட பூஞ்சை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பின்னர் கண்டார்கள்.

தண்டுக்குள் ஏற்றுவதும் வயல் முழுக்கத் தெளிப்பதும் ஒன்றில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தொடை இடுக்கில் வரும் படர்தாமரைக்கும் தோட்டத்து மருந்துக்கும் முடிச்சுப் போடவும் கூடாது. அது ஆளுக்கு ஆள் தொற்றுவது. ஆனால் புது மருந்து செய்கிறவர்களுக்கு இந்த வயல் விவகாரம் தீராத தலைவலி. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

புது மருந்து வரும் பாதை

புதிய பூஞ்சை மருந்து தேடுவதில் மூன்று வழிகள் தெரிகின்றன.

பழைய இடத்தையே வேறு கோணத்தில் அடிப்பது ஒன்று. 2021இல் அமெரிக்கா அனுமதித்த இப்ரெக்ஸாஃபன்ஜெர்ப், எக்கினோகேண்டின் முடக்கும் அதே குளுக்கான் நொதியைத்தான் முடக்குகிறது, ஆனால் வேறு பக்கமாகப் போய்ப் பிடிக்கிறது, மாத்திரையாகவும் விழுங்கலாம். 2023இல் வந்த ரெசாஃபன்ஜின், எக்கினோகேண்டின்தான். நாள்தோறும் ஏற்ற வேண்டியதை வாரம் ஒருமுறை ஆக்கியிருக்கிறார்கள். பயனுள்ளவைதான், ஆனால் இவற்றைப் 'புத்தம் புதுசு' என்று செய்தித்தாள் எழுதும்போது எனக்குக் கொஞ்சம் மிகையாகவே படுகிறது.

பழைய மருந்தின் தீங்கைக் கழிப்பது இரண்டாவது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுப்பது கொலஸ்ட்ராலை உருவுவதால்தான் என்று காட்டி, எர்கோஸ்டெராலை மட்டும் உருவும்படி மூலக்கூறைத் திருத்தி 2023இல் வெளியிட்டார்கள். பங்காளிகளுக்கு இடையே இருக்கும் அந்தச் சின்ன வேற்றுமையை எத்தனை நுணுக்கமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதுதான் உண்மையிலேயே கடினமானது: முற்றிலும் புதிய இடம் தேடுவது. ஃபோஸ்மனோஜெபிக்ஸ் என்ற மருந்து, பூஞ்சையின் புரதங்களைச் சுவரில் கொண்டு போய்க் கட்டும் நொதியை நிறுத்துகிறது. அதே வேலைக்கு நம்மிடமும் ஒரு நொதி உண்டு, ஆனால் மருந்து அதைத் தொடுவதில்லை. ஒலோரோஃபிம், மரபணு எழுத்துகளுக்கு வேண்டிய மூலப்பொருளைச் செய்யும் நொதியை முடக்குகிறது. இதிலும் மனித நொதியைவிடப் பூஞ்சை நொதியைப் பல மடங்கு இறுகப் பிடிக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸுக்கு நன்றாகக் கேட்கும், கேண்டிடாவுக்குக் கேட்காது. அமெரிக்க அதிகாரிகள் 2023இல் இன்னும் தரவு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

இங்கேதான் வயல் குறுக்கே வருகிறது. ஒலோரோஃபிம் கடைக்கு வரும் முன்பே, அதே நொதியை அடிக்கும் இப்ஃப்ளூஃபெனோக்வின் என்ற பயிர் மருந்து வந்துவிட்டது. அந்தப் பயிர் மருந்துக்குப் பழகிய ஆஸ்பெர்ஜில்லஸ் ஒலோரோஃபிமுக்கும் அடங்குவதில்லை என்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அசோல் கதையே திரும்பவும் ஓடப் பார்க்கிறது. மருந்துக்கு ஓர் அலுவலகம், பயிருக்கு ஓர் அலுவலகம் என்று தனித்தனியாக அனுமதி கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இடம் கிடைத்தாலும் பாதை நீளம். ஆய்வகம், விலங்குகள், பிறகு மனிதர்களில் மூன்று கட்டச் சோதனை. முதல் கட்டத்தில் ஆரோக்கியமான சிலருக்குக் கொடுத்துத் தீங்கு உண்டா என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் சில நோயாளிகளுக்கு. மூன்றாவதில் நிறையப் பேருக்குக் கொடுத்து, ஏற்கெனவே இருக்கும் மருந்தோடு ஒப்பிடுவார்கள். உடலுக்குள் பூஞ்சை புகுந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கடும் நோயாளிகள், பல நாடுகளில் சிதறிக் கிடப்பவர்கள். சோதனைக்கு ஆள் சேர்ப்பதே ஆண்டுக்கணக்கில் ஆகும். அதன்பிறகும் புது மருந்தைக் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைப்பார்கள், எதிர்ப்பு வந்துவிடக் கூடாதே என்று. நியாயம்தான், ஆனால் விற்காத மருந்தில் எந்தக் கம்பெனி பணம் போடும்?

2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதில் கண்டெடுத்த கேண்டிடா ஆரிஸ், இன்று ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியில்கூட ஒட்டிக்கொண்டு ஆள் மாறித் தொற்றுகிறது. பெரும்பாலான வகைகளுக்கு ஃபுளூகோனசோல் கேட்பதில்லை. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டபோது முதல் வரிசையில் அதையும் வைத்தது. அதே நிறுவனம் 2025இல் சொன்ன கணக்கு: அதற்கு முந்தைய பத்தாண்டில் அமெரிக்கா, ஐரோப்பா, சீனா மூன்றிலும் சேர்த்து அனுமதி பெற்ற புதிய பூஞ்சை மருந்துகள் நான்கு. மனிதர்களில் சோதனையில் இருந்தவை ஒன்பது, கடைசிக் கட்டத்தை எட்டியவை மூன்று.

ஆகவே, அந்த வாட்ஸ்அப் செய்திக்குப் பதில்: மருந்து இருக்கிறது, குறைவாக இருக்கிறது. வருவதும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது.

கவுண்டருக்கு வருகிறவர்கள் கேட்க வேண்டியது

மேலே சொன்ன புது மருந்துகள் எதுவும் தொடை இடுக்குப் படர்தாமரைக்காக வருபவை அல்ல. நமக்குக் கையில் இருப்பவற்றைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி. களிம்பு வாங்கும்போது பெட்டியில் எம்ஏஎல் பதிவு எண், அதாவது மருந்து நம் நாட்டில் முறையாகப் பதிவானது என்று காட்டும் எண், இருக்கிறதா பாருங்கள், ஸ்டீராய்டு கலந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வட்டம் மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை பூசுங்கள், வட்டத்துக்கு வெளியே கொஞ்சம் தள்ளியும் பூசுங்கள். துண்டும் உள்ளாடையும் ஆளுக்கு ஒன்று. டோபிக் கடையில் துவைப்பவர்கள் சுடுநீர்ப் பொத்தானை அழுத்தினால் நல்லது. பச்சைத் தண்ணீரில் பூஞ்சை தப்பிவிடும்.

நான்கு வாரம் ஒழுங்காகப் பூசியும் அடங்கவில்லை என்றால் அடுத்த டியூப் வாங்க என்னிடம் வராதீர்கள். கவர்மெண்டு கிளினிக்கிற்குப் போய்ச் செதில் எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வட்டத்தின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டி, உதிரும் வெள்ளைச் செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவார்கள். தோல் கரைந்து, கிளை பிரிந்த பூஞ்சை இழை மட்டும் நுண்ணோக்கியில் நிற்கும். வலிக்காது. பூஞ்சைதானா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கச் செதிலை வளர்த்துப் பார்க்கிற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். போவதற்கு முன் சில நாள் எந்தக் களிம்பும் பூசாமல் போங்கள். பூசிக்கொண்டு போனால் இழை கண்ணில் படாமல் போகலாம்.